பெய்ஜிங் வெள்ளிக்கு முன்னும் பின்னும்: ஐஸ்லாந்து ஹேண்ட்பால் அணி பற்றிய நிகழ்வு ஆய்வு

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐஸ்லாந்தின் ஆண்கள் ஹேண்ட்பால் (பக்கத்துக்கு ஏழு பேர் நின்று பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்) அணி வெள்ளி வாங்கியதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மக்கள்தொகையில் தொடங்கி மக்கள்தொகையிலேயே முடித்துவிடுகிறார்கள். சுமார் 3,15,000 பேர் உள்ள நாடு, ஒலிம்பிக் இறுதிப் போட்டி, அதிசயம் என்று மூன்றே வரியில் கதை முடிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வெள்ளிக்கு ஏழு மாதம் முன்பு இதே அணி ஐரோப்பியப் போட்டியில் 11ஆவது இடத்தில் முடித்தது, இரண்டு மாதம் முன்பு அடுத்த உலகக் கோப்பைக்குப் போகும் தகுதியையே இழந்தது. மூன்று சமயத்திலும் மக்கள்தொகை ஒன்றுதான். அப்படியானால் நடுவில் மாறியது எது, யார் எதை முடிவு செய்தார்கள், அந்த முடிவுகள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்களின் பெயரை விட்டுவிட்டுப் பொறுப்பை மட்டும் சொல்கிறேன். பயிற்சியாளர், அணித்தலைவர், கோல்கீப்பர் என்று போனால் முடிவுகள் தெளிவாகத் தெரியும், ஆளைப் பற்றிய பேச்சில் விஷயம் திசைமாறாது.

பின்னணி

ஐஸ்லாந்துக்கு ஹேண்ட்பால் 1920களில் உடற்பயிற்சி ஆசிரியர்கள் வழியாக வந்தது. நீண்ட குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிடும் ஊர், உள்ளரங்கில் நாற்பதுக்கு இருபது மீட்டர் இடம் இருந்தால் ஆடிவிடலாம் என்ற வசதி எல்லாம் சேர்ந்து அது அங்கே வேரூன்றிவிட்டது. தேசியச் சங்கம் 1957இல் உருவானது. மறு ஆண்டே கிழக்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்கு அணி போனது, 1961இல் 6ஆவது இடம் பிடித்தது. அறுபதுகளின் நடுவில் ரெய்க்யவிக்கில் லாய்கர்தால்ஸ்ஹோல் அரங்கம் வந்தது. 1972இல் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் உலகச் செஸ் பட்டத்துக்காக மோதினார்களே, அதே அரங்கம்தான்.

அதற்கப்புறம் வந்த நாற்பது ஆண்டு வரலாறு மேலும் கீழுமாகவே ஓடியது. 1983 முதல் 1990 வரை போலந்துக்காரர் ஒருவர் பயிற்சியாளராக இருந்தார். அவர் காலத்தில்தான் அணி தொழில்முறையாக உழைக்கக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன். 1984 லாஸ் ஏஞ்சலஸில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த இடத்தில் போய் 6ஆவது, 1986 உலகக் கோப்பையில் சொந்த பலத்தில் 6ஆவது, 1988 சியோலில் 8ஆவது. 1989இல் பிரான்சில் நடந்த 'பி' பிரிவு (இரண்டாம் நிலை) உலகப் போட்டியில் போலந்தை வீழ்த்திப் பட்டம். 1992 பார்சிலோனாவில் யூகோஸ்லாவியாவுக்குத் தடை விழுந்ததால் கடைசி நேரத்தில் உள்ளே போய் 4ஆவது. 1995இல் 24 அணிகள் ஆடிய முதல் உலகக் கோப்பையைத் தன் வீட்டிலேயே நடத்தினார்கள், அதில் 14ஆவது இடம்தான் கிடைத்தது. உடனே அடுத்த முறை, 1997 குமாமோட்டோவில், 5ஆவது. 2002 ஐரோப்பியப் போட்டியில் 4ஆவது, 2004 ஏதென்ஸில் 9ஆவது.

இந்த வரிசையைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. நல்ல ஆண்டுகள் ஒரு தலைமுறை வீரர்களைச் சுற்றிக் கொத்தாக வருகின்றன, அவர்கள் போனதும் சரிவு. பெரிய நாட்டில் ஒரு இடத்துக்கு ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள். இங்கே தேசிய அணிக்கு ஆடும் வயதில் இருக்கும் ஆண்களே மொத்தமாகச் சில பத்தாயிரம் பேர்தான், அதில் கால்பந்துக்குப் போனவர்கள், மீன்பிடிக் கப்பலுக்குப் போனவர்கள், விளையாட்டே வேண்டாம் என்றவர்கள் எல்லாரையும் கழிக்க வேண்டும்.

தொடக்க நிலை: 2007 ஜனவரி முதல் 2008 ஜனவரி வரை

2007 ஜனவரியில் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் இந்த அணி பிரான்சை 32-24 என்று அடித்தது. அப்போது பிரான்ஸ் ஐரோப்பிய சாம்பியன். காலிறுதியில் ஹாம்பர்க்கில் டென்மார்க்கோடு மோதி, கூடுதல் நேரம் வரை போய், 41-42 என்று தோற்றது. ஆட்டம் முடியச் சில வினாடிகள் இருக்கையில் ஐஸ்லாந்து வீரர் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அதே பந்தை எடுத்துக்கொண்டு போன டென்மார்க் வெற்றிக் கோலைப் போட்டது. ஐஸ்லாந்தின் இடதுவிங் வீரர் (இடது ஓரத்தில் ஆடுகிறவர்) 66 கோலோடு அந்தப் போட்டியின் முதல் கோல்காரர் ஆனார். இறுதியில் அணிக்குக் கிடைத்தது 8ஆவது இடம். அதாவது யாரையும் வெல்லக்கூடிய தாக்குதல் இவர்களிடம் 2007இலேயே இருந்தது. ஆனால் 41 கோல் போட்டும் ஒரு ஆட்டத்தைத் தோற்கிற அணிக்குக் குறை எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தால், 2008 ஜனவரியில் நார்வே ஐரோப்பியப் போட்டியில் 11ஆவது இடம். பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

கவனித்தவை

வெளியிலிருந்து ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சமயத்தில் நான்கு விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, தாக்குதலின் தரம். அணித்தலைவர் இடதுகைக்காரர், வலது பேக் (வலது பக்கத்தில் பின்னாலிருந்து எறிகிறவர்), ஸ்பெயினில் அப்போதைய ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தார், சாம்பியன்ஸ் லீக் பட்டம் அவருக்குப் புதிதில்லை. ஹேண்ட்பாலில் வலது பக்கம் இடதுகைக்காரர் ஆடினால்தான் எறியும் கோணம் திறக்கும், வலதுகைக்காரரை அங்கே நிறுத்தினால் உடம்பே குறுக்கே வந்து பாதிக் கோலை மறைத்துவிடும். குட்டி நாட்டுக்கு இதில்தான் பெரிய திண்டாட்டம், ஏனென்றால் இடதுகைக்காரர்களைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது. 2008இல் ஐஸ்லாந்திடம் அப்படிப்பட்ட தரமான மூவர் ஒரே சமயத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் லாட்வியாவில் பிறந்து, இளவயதில் ஆட வந்து, ஐஸ்லாந்துக் குடியுரிமை பெற்றவர். இந்த வாய்ப்பு அடிக்கடி வராது.

இரண்டாவது, தடுப்பு. அங்கே உயரமும் எடையும் போதவில்லை. தாக்குதலில் ஆடுகிறவர்களே தடுப்பிலும் நின்று களைத்துப்போனார்கள்.

மூன்றாவது, கோல்கீப்பர். மற்ற இடங்களில் உலகத்தரம் இருந்தும் கோல் வாயில் அந்தத் தரம் நிலையாக இல்லை.

நான்காவது, சேர்ந்து ஆடும் நேரம். முக்கிய வீரர்கள் எல்லாரும் ஜெர்மனி, டென்மார்க், ஸ்பெயின் என்று வெளிநாட்டு லீக்குகளில் இருந்தார்கள். ஜெர்மன் லீக்கில் வாரா வாரம் கடுமையான ஆட்டம் கிடைக்கும், அது லாபம். ஆனால் தேசிய அணிக்கு அவர்கள் கைக்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம், அந்தக் கொஞ்ச நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது, ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கூர்தீட்டலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பழைய பயிற்சியாளரைத் திரும்ப அழைத்தது. 2001 முதல் 2004 வரை பொறுப்பில் இருந்து, ஐரோப்பிய 4ஆவது இடத்தையும் ஏதென்ஸ் 9ஆவது இடத்தையும் பார்த்துவிட்டுப் போனவர். எண்பதுகளில் இதே தேசிய அணியின் இடதுவிங். 'போனவரையே மறுபடி கூப்பிடுவதா' என்ற முணுமுணுப்பு எந்த ஊரிலும் எழும். ஆனால் நான்கு மாத அவகாசத்தில் இது சரியான தேர்வு என்றே சொல்வேன். புதியவர் வந்தால் வீரர்களைப் புரிந்துகொள்வதற்கே இரண்டு முகாம் போய்விடும். இவருக்கோ அணித்தலைவர் முதல் இடதுவிங் வரை முக்கியமானவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தன் கீழ் ஆடியவர்கள். எதிரணியின் வீடியோவை மணிக்கணக்கில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிற ஆள் வேறு.

இரண்டாவது முடிவு, தடுப்புக்கென்றே ஆள் வைத்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ஹேண்ட்பாலில் மாற்றாட்டத்துக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆட்டம் நிற்காமலே பக்கக் கோட்டில் ஒருவர் வெளியே வர, இன்னொருவர் உள்ளே ஓடலாம். ஆகவே பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு ஏழு பேர், எதிரணியிடம் போனதும் இன்னொரு ஏழு பேர் என்று கூட ஆடலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றுக்கும் விலை உண்டு. நாம் கோல் போட்டவுடன் எதிரணி நடுக்கோட்டிலிருந்து சட்டென்று தொடங்கினால், நம் தடுப்பாட்டக்காரர் பெஞ்சிலிருந்து இன்னும் வந்துகொண்டிருப்பார், அந்த இரண்டு மூன்று வினாடி இடைவெளியில் கோல் விழும். தவிர, ஒலிம்பிக் அணியில் பதினான்கு பேர்தான். தடுப்பில் மட்டும் நிற்கிற இருவரைச் சேர்த்தால் தாக்குதலுக்கான மாற்று இரண்டு குறையும்.

அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தார்கள். கோலுக்கு முன்னால் இருக்கும் ஆறு மீட்டர் கோட்டை ஒட்டி ஆறு பேரும் வரிசையாக நிற்கும் தடுப்பில், நடு இரண்டு இடத்துக்கும் கனமான, அடிவாங்கத் தயங்காத இருவர் வந்தார்கள். அவர்களுடைய பெயர் கோல் பட்டியலில் அதிகம் வராது. அவர்கள் வந்ததால் தாக்குதலின் மூளையாக இருந்தவர்கள் தடுப்பில் மல்லுக்கட்டிக் களைக்காமல் அறுபது நிமிடமும் தெளிவாக எறிய முடிந்தது. அதோடு, பந்து கைக்கு வந்தவுடன் விங் வீரர்கள் ஓடத் தொடங்கினார்கள். எதிரணித் தடுப்பு அணிவகுக்கும் முன் போய்ச் சேர்ந்துவிட்டால் உயரக் குறைவு ஒரு பொருட்டில்லை. தடுப்பை வலுப்படுத்தியதே எதிர்த்தாக்குதலுக்காகத்தான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, கோல்கீப்பர் இடத்தில் 23 வயது இளைஞரை நம்பியது. உள்நாட்டு லீக்கில் ஆடியவர், பெரிய மேடை அனுபவம் இல்லாதவர். 2003இல் ஐஸ்லாந்து 18 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் பட்டத்தை வென்றிருந்தது. பெய்ஜிங் அணியின் இளையவர்கள் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். இளையோர் அணியில் போட்ட உழைப்பு ஐந்து வருடம் கழித்து இங்கே வட்டியோடு வந்தது.

நான்காவது முடிவு ஒரு முடிவாகவே யாருக்கும் தெரியவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மே மாதக் கடைசியில் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், கடைசி ஆட்டத்தில் ஸ்வீடனை 29-25 என்று வென்று பெய்ஜிங்குக்கு டிக்கெட் வாங்கினார்கள். ஸ்வீடன் என்றாலே நடுங்கிய காலம் அவர்களுக்கு நிறைய வருடம் இருந்தது, 2006இல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில்தான் அந்தப் பயம் உடைந்தது. அப்புறம் இரண்டே வாரத்தில் மாசிடோனியாவிடம் இரு ஆட்டச் சுற்றில் தோற்று 2009 உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தார்கள். வெளியூரில் வாங்கிய தோல்வியைச் சொந்த ஊர் வெற்றியால் ஈடுகட்ட முடியவில்லை. இந்த இடத்தில் பயிற்சியாளரை மாற்றியிருக்கலாம், ஆட்டமுறையை மாற்றியிருக்கலாம், ஐந்தாறு பேரை நீக்கியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அதே பயிற்சியாளர், அதே தடுப்பு முறை, கிட்டத்தட்ட அதே ஆட்கள். ஒரு மோசமான வாரத்தை மோசமான வாரமாக மட்டும் பார்க்க ஒரு சங்கத்துக்கு நிதானம் வேண்டும், அதுவும் நாலு பேர் நாலு விதமாகத் திட்டுகிற நேரத்தில்.

பெய்ஜிங்கில் நடந்தது

குழு ஆட்டத்தில் முதலில் ரஷ்யாவை 33-31, அடுத்து அப்போதைய உலக சாம்பியன் ஜெர்மனியை 33-29. அந்த இரண்டாவது வெற்றி தற்செயல் என்று நினைக்க இடம் தரவில்லை. ஜெர்மன் வீரர்களை வாரா வாரம் லீக்கில் எதிர்கொண்டவர்கள் ஐஸ்லாந்து அணியில் பலர், யார் எந்தப் பக்கம் பாய்வார், எந்தக் கையை ஏமாற்றுவார் என்பது அத்துப்படி. மூன்றாவது ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 21-22 என்று தோல்வி, கொரியர்களின் வேகமான, முன்னேறி வரும் தடுப்புக்கு முன்னால் ஐஸ்லாந்தின் ஆட்டம் முடங்கியது. பிறகு டென்மார்க்கோடு 32-32, எகிப்தோடும் 32-32. ஐந்து ஆட்டத்தில் ஆறு புள்ளி, குழுவில் மூன்றாமிடம். இதை வைத்து அந்த அணி இறுதிக்குப் போகும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 20, காலிறுதி, 2007 உலகக் கோப்பை வெள்ளி வாங்கிய போலந்து. 32-30. ஆகஸ்ட் 22, அரையிறுதி, 2005 உலக சாம்பியன் ஸ்பெயின். 36-30. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் மேலே சொன்ன எல்லாமே ஒன்றாக வேலை செய்த ஒரே அறுபது நிமிடம் அது. நடுத் தடுப்பு ஸ்பெயினின் பிவட்டை (எதிரணித் தடுப்பு வரிசைக்குள் புகுந்து நிற்கும் தாக்குதல்காரரை) கட்டிப்போட்டது, இளம் கோல்கீப்பர் பந்தைத் தடுத்தவுடன் எடுத்து வீசினார், இடதுவிங் ஏற்கெனவே பாதி மைதானம் ஓடியிருந்தார். ஸ்பெயின் வீரர்கள் பலர் அணித்தலைவரின் கிளப் தோழர்கள் என்பதும் சும்மா இல்லை.

ஆகஸ்ட் 24 இறுதிப் போட்டியில் பிரான்சிடம் 23-28 என்று தோல்வி. முதல் பாதியிலேயே ஆட்டம் கைநழுவியது. இந்தத் தோல்விக்குப் பெரிய விளக்கம் தேட வேண்டாம். அந்த பிரெஞ்சு அணி அங்கிருந்து தொடங்கி 2009 உலகப் பட்டம், 2010 ஐரோப்பியப் பட்டம், 2011 உலகப் பட்டம், 2012 ஒலிம்பிக் தங்கம் என்று எல்லாவற்றையும் வாரிச் சுருட்டியது. போட்டியின் சிறந்த ஏழு பேர் அணியில் ஐஸ்லாந்துக்காரர்கள் மூவர் இடம்பெற்றார்கள்: இடதுவிங், தாக்குதலை நடுவிலிருந்து நடத்தும் நடு ஆட்டக்காரர், வலது பேக்கில் ஆடிய அணித்தலைவர். மூவருமே தாக்குதல் ஆட்கள். தடுப்பின் நடுவில் நின்ற இருவரை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஐஸ்லாந்தின் ஒலிம்பிக் வரலாற்றில் அது நான்காவது பதக்கம். 1956 மும்முறைத் தாண்டுதல் வெள்ளி, 1984 ஜூடோ வெண்கலம், 2000 கோலூன்றித் தாண்டுதல் வெண்கலம் ஆகிய மூன்றும் தனிநபர் பதக்கங்கள். குழு விளையாட்டில் அதுவே முதல். ஊர் திரும்பியதும் ரெய்க்யவிக்கின் தெருக்களில் கூட்டம் திரண்டது, அணிக்கு நாட்டின் ஃபால்கன் விருது கொடுத்தார்கள். அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன, நாட்டு நாணயமான க்ரோனாவின் மதிப்பு விழுந்தது.

தொடர்ந்தது: 2010 முதல் 2012 வரை

அந்த நெருக்கடி ஆண்டுகளில் தேசிய அணி நொறுங்கவில்லை. முக்கிய வீரர்களுக்குச் சம்பளம் வெளிநாட்டு கிளப்புகளிலிருந்து வந்தது ஒரு காரணமாக இருக்கலாம். 2010 ஜனவரியில் ஆஸ்திரியாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி வரை தோல்வியே இல்லை, மூன்று வெற்றி, மூன்று சமநிலை. அரையிறுதியில் மறுபடி பிரான்சிடம் தோற்று, போலந்தை 29-26 என்று வென்று வெண்கலம். ஐரோப்பியப் போட்டி ஒலிம்பிக்கைவிடக் கடினம் என்பார்கள் ஹேண்ட்பால்காரர்கள், வலுவான அணிகள் எல்லாமே ஒரே கண்டத்தில் இருப்பதால். அந்தக் கணக்கில் இந்த வெண்கலம் வெள்ளிக்குக் குறைந்ததில்லை. ஜெர்மனியின் மிகப் பெரிய கிளப்புக்குச் சற்று முன்புதான் போயிருந்த 19 வயதுப் பையன் ஒருவர் இதில் ஆடினார். மூத்தவர்கள் உச்சத்தில் இருக்கும்போதே ஒரு இளைஞரை உள்ளே கொண்டுவந்தது நல்ல முடிவு. ஆனால் அந்த மாதிரி கொண்டுவரப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

2010 செப்டம்பரில் பயிற்சியாளர் ஒரு ஜெர்மன் கிளப்பின் பொறுப்பையும் ஏற்றார், இரண்டையும் சேர்த்தே பார்த்தார். 2011 உலகக் கோப்பையில் 6ஆவது, 2012 ஜனவரி ஐரோப்பியப் போட்டியில் 10ஆவது. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்.

லண்டனில் குழு ஆட்டங்கள் ஐந்தையும் வென்றார்கள், ஸ்வீடனை 33-32, பிரான்சை 30-29. பெய்ஜிங்கைவிட நல்ல தொடக்கம். காலிறுதியில் ஹங்கேரி. ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில், ஐஸ்லாந்துக்கு ஏழு மீட்டர் பெனால்ட்டி கிடைத்தது. எறிய வந்தவர் பெய்ஜிங்கின் சிறந்த ஏழில் இருந்த அதே நடு ஆட்டக்காரர். ஹங்கேரி கோல்கீப்பர் தடுத்துவிட்டார். மிச்சமிருந்த வினாடிகளில் ஹங்கேரி ஓடிப்போய்ச் சமன் செய்தது. முதல் கூடுதல் நேரமும் சமன், இரண்டாவதில் 33-34 என்று தோல்வி. ஐந்தாமிடம்.

அந்த ஒரு எறிதலைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்க மாட்டேன், பெனால்ட்டி தவறும். எனக்குத் தெரிவது வேறு. நான்கு வருடம் கழித்தும் முக்கியமான எறிதல், முக்கியமான தடுப்பு, முக்கியமான ஓட்டம் எல்லாமே 2008இன் அதே ஆட்களிடம் இருந்தது. அணித்தலைவருக்கு 39 வயது. அதுவே அவருடைய கடைசிப் பெரிய போட்டி. பயிற்சியாளரும் லண்டனோடு விலகினார்.

அதன்பின்

2013 உலகக் கோப்பையில் 12ஆவது. 2014 ஐரோப்பியப் போட்டியில் 5ஆவது இடம் பிடித்து நம்பிக்கை கொடுத்தார்கள். அதே கோடையில் போஸ்னியாவிடம் தோற்று 2015 உலகக் கோப்பை வாய்ப்பு போனது, வேறு இரண்டு நாடுகள் விலகியதால்தான் உள்ளே போக முடிந்தது, 11ஆவது இடம். 2016இல் 13, 2017இல் 14, 2018இல் 13. 2021 எகிப்து உலகக் கோப்பையில் 20ஆவது, அவர்கள் வரலாற்றிலேயே மோசமான இடம். லண்டனுக்குப் பிறகு ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்று ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை.

இதே ஆண்டுகளில் ஐஸ்லாந்துக்காரர்கள் வேறு நாடுகளுக்குப் பயிற்சி கொடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நார்வே பெண்கள் அணி 2012இலும் 2024இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது ஒரு ஐஸ்லாந்துக்காரரின் கீழ். 2016 ஐரோப்பியப் பட்டத்தை ஜெர்மனி வென்றபோது பெஞ்சில் ஐஸ்லாந்துக்காரர். ரியோவில் டென்மார்க் தங்கம் வாங்கியபோது அங்கே நின்றவர் பெய்ஜிங்கில் ஐஸ்லாந்துக்கு வெள்ளி வாங்கிக்கொடுத்த அதே பயிற்சியாளர். 2024 பாரிஸில் ஜெர்மனி வெள்ளி வாங்கியபோது பொறுப்பில் இருந்தவர், 2008 ஜனவரியில் ஐஸ்லாந்து அணியை விட்டு விலகினாரே, அவர்தான். பயிற்சி அறிவில் அந்த நாட்டுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை, அதைச் செயல்படுத்தும் கால்களும் கைகளும்தான் குறைந்தன.

பெய்ஜிங் பயிற்சியாளர் 2018இல் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தார். 2022 ஐரோப்பியப் போட்டியில் வீரர்கள் வரிசையாகக் கொரோனாவில் படுக்க, மிஞ்சியவர்களை வைத்து பிரான்சை 29-21 என்று அடித்து, 6ஆவது இடம். 2023 உலகக் கோப்பையில் 12ஆவது ஆனதும் அவர் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் லண்டனில் பெனால்ட்டி தவறவிட்ட நடு ஆட்டக்காரர். 2025 உலகக் கோப்பையில் அவருடைய அணி ஆறு ஆட்டத்தில் ஐந்தை வென்றது. தோற்றது ஒன்றே ஒன்று, குரோஷியாவிடம் 26-32. மூன்று அணிகள் ஒரே புள்ளியில் நின்றதால், அந்த ஒரு தோல்வியின் கோல் வித்தியாசமே காலிறுதியை மூடிவிட்டது. 9ஆவது இடம். குரோஷியாவின் பயிற்சியாளரும் ஓர் ஐஸ்லாந்துக்காரர்.

என்ன மாறியிருக்க வேண்டும்

2008இன் முடிவுகளில் எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். தடுப்புக்கு ஆள் ஒதுக்கியதும் ஜூன் தோல்விக்குப் பின் அசையாமல் இருந்ததும் இன்றும் சரியாகவே தெரிகின்றன. மாற்ற வேண்டியது 2010க்குப் பிறகு உள்ள இரண்டு ஆண்டுகளில் இருக்கிறது.

வெண்கலம் வந்த கையோடு, முக்கியமில்லாத தகுதி ஆட்டங்களில், அணித்தலைவரையும் நடு ஆட்டக்காரரையும் வலிய உட்காரவைத்து அடுத்தவர்களுக்கு முழு அறுபது நிமிடம் கொடுத்திருக்க வேண்டும். ஓரிரு புள்ளி போயிருக்கும், போகட்டும். இடதுவிங் 2020 ஐரோப்பியப் போட்டி வரை, நாற்பது வயதிலும் ஆடினார், நாட்டுக்காக 1,800க்கும் மேல் கோல் போட்டவர், உலகில் வேறு யாருக்கும் இல்லாத கணக்கு. பெய்ஜிங்கின் இளம் கோல்கீப்பர் 2025 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். இருவர் மீதும் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் ஒருவர் பன்னிரண்டு, பதினேழு வருடம் அதே இடத்தில் நிற்கிறார் என்றால், அவருக்குப் பின்னால் ஆடிப் பழக வேண்டியவர்கள் எத்தனை பேர் பெஞ்சிலேயே வயதாகிப் போனார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேசியப் பயிற்சியாளர் கிளப் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. வருடத்தில் சில வாரம்தான் தேசிய அணி கூடும் என்பதால் இரண்டையும் பார்க்கலாம் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். ஆனால் அணி கூடாத மாதங்களில்தான் உள்நாட்டு லீக்கின் பதினெட்டு வயதுப் பையன்களைப் போய்ப் பார்க்க முடியும். 2008இன் கோல்கீப்பர் அப்படிப்பட்ட லீக்கிலிருந்து வந்தவர்தானே.

இடதுகைக்காரர் விஷயத்தில் சங்கமே தனியாகக் கணக்கு வைக்கலாம். பன்னிரண்டு வயதில் எந்த கிளப்பில் எந்தப் பிள்ளை இடதுகையால் எறிகிறது என்பதைப் பெயரோடு எழுதி வைப்பது இவ்வளவு சிறிய நாட்டில் முடியாத காரியம் இல்லை, ஜெர்மனியால்தான் முடியாது. தடுப்பின் நடு இடத்துக்கும் இதையே செய்யலாம்: வேகம் இல்லை, எறிதல் சுமார் என்று பதினாறு வயதில் கழித்துவிடுகிற உயரமான பையன்களை ஒரு வருடம் கூடுதலாக வைத்துப் பார்க்கலாம். பெய்ஜிங்கில் நடுவில் நின்ற இருவர் மாதிரி ஆட்கள் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருவார்கள்.